மாமாவின் குரல் மட்டும் வராத கல்யாண வீடியோ

கொரோனாவின் முதல் அலை அடங்கி, மண்டபங்கள் மறுபடி திறந்த தை மாதம் அது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் மறியலும் ஆர்ப்பாட்டமுமாக இருந்த நேரம். கள்ளக்குறிச்சியில் வீட்டு மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு, ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. இன்றைக்கும் அதுதான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று கேமரா வைத்து எடுத்தாலும் சரி, நான்கு வைத்து எடுத்தாலும் சரி, கேமராவில் பதிவான சத்தத்தை யாரும் மதிப்பதில்லை. அத்தனையையும் தூக்கிக் கடாசிவிட்டு, மாலை மாற்றுவதிலிருந்து பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டை ஒட்டிவிடுவோம். வாடிக்கையாளர்களுக்கும் அதுதான் பிடிக்கும். பாட்டு சரியில்லை என்று சண்டைக்கு வருவார்களே தவிர, ஐயர் சொன்ன மந்திரம் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தத் தையில் நான் எடிட் செய்த கல்யாணங்களில் ஒன்று, களமருதூர்ப் பெண்ணுடையது. அப்பா இல்லாத பெண். தாய்மாமன்தான் வளர்த்து, படிக்க வைத்து, மாப்பிள்ளையும் பார்த்தவர். கல்யாணம் கள்ளக்குறிச்சி மண்டபத்தில். முதல் நாளே பெண்ணும் நெருங்கிய சொந்தங்களும் வந்துவிட, சீர்த்தட்டுகளையும் மீதி உறவுக்காரர்களையும் விடியற்காலையில் வேனில் அழைத்து வருவதற்காக அவர் மட்டும் ஊரில் தங்கியிருக்கிறார். வழியில் மறியல். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. முகூர்த்தம் தப்பிப் போகிறதே என்று போன் போட்டிருக்கிறார். யாரோ அந்தப் போனை மணமேடை மைக்கில் வைத்துப் பிடிக்க, அவர் பேசி முடித்ததும் தாலி கட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை. எடிட் செய்யும்போது நான் பார்த்தது, மைக் பக்கத்தில் ஒரு கை போனை நீட்டிக்கொண்டு நிற்கும் காட்சியை மட்டும்தான். எதற்கும் ஆகாத காட்சி என்று வெட்டிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

"அக்கா, எங்க மாமாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கினு போய்டுச்சி. பேச்சு சுத்தமா இல்ல. எங்க வூட்லதான் வச்சிப் பாத்துக்கினு இருக்கேன். கல்யாணத்துல அவரு பேசனது உங்ககிட்ட இருக்குமாக்கா?"

எதற்கு என்று கேட்டேன். அவருடைய குரலையே அவருக்குத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தால் பேச்சு வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னார்களாம். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் என்ன மருத்துவமா தெரியும்? நானும் நம்பினேன்.

பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன். நல்ல வேளையாக அந்தக் கல்யாணம் அழியாமல் இருந்தது. ஆனால் சத்தம்தான் சரியில்லை. ஒரு கேமராக்காரர், எப்படியும் பாட்டுதானே போடப் போகிறார்கள் என்று மைக்கையே ஆஃப் செய்து வைத்திருந்தார். இன்னொரு கேமரா மேளக்காரர்கள் காலடியில் நின்றிருக்கிறது. அதில் தவில் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. மெயின் கேமராவுக்கு மட்டும் மைக் செட்டிலிருந்து ஒரு ஒயர் கொடுத்திருந்தார்கள். ஹெட்போனில் கேட்டபோது அதில் அவர் குரல் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத மாதிரி, மெலிசாக இருந்தது. இருந்ததே போதும் என்று மேளத்தைக் குறைத்து, குரலை ஏற்றி, அவளுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "மேளம் கேக்குதுக்கா. மாமா கொரலு மட்டும் வரல."

வால்யூமை ஏற்றி அனுப்பினேன். வரவில்லை என்றாள். மேளத்தை மொத்தமாக எடுத்துவிட்டு அனுப்பினேன். இப்போது எதுவுமே கேட்கவில்லை என்றாள். உன் போனில்தான் ஏதோ கோளாறு என்று கொஞ்சம் எரிச்சலாகவே சொல்லிவிட்டேன். பாவம், அடுத்த வீட்டுப் போனில் போட்டுப் பார்த்திருக்கிறாள், டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். "எங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு இருக்குதோ இன்னாவோ, வுடுங்கக்கா" என்று அழுதாள்.

சந்தேகப்பட்டு என் போனிலேயே போட்டேன். ஊமையாக ஓடியது. ஹெட்போனை மாட்டினால் குரல் இருக்கிறது, கழற்றினால் இல்லை. எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கிறது என்று நினைத்தேன். மூன்று கேமராவையும் பிரித்து மறுபடி சேர்த்துப் பார்த்தேன். வேறு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். சத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் அதே மௌனம். இத்தனை வருஷம் சத்தத்தை வெட்டியெறிந்தே சம்பாதித்தவளுக்கு இது வேண்டும் என்று தோன்றியது.

ஒரு மத்தியானம், கீழே சிலிண்டர்க்காரர் கூப்பிடுகிறாரா என்று கேட்பதற்காக ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்தினேன். அவ்வளவுதான், மெலிசாக இருந்த குரல் கணீரென்று காதுக்குள் வந்து நின்றது. பதறிப்போய் மறு பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டேன். அதிலும் கணீர். இரண்டையும் மாட்டினால் மறுபடி நூலாகிவிடுகிறது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. மைக் செட்டிலிருந்து வந்த அந்த ஒயர் கேமராவுக்குப் பொருந்தாத ஒயர். இடது பக்கத்தில் பதிவான அதே குரல், வலது பக்கத்தில் ஒலியலை தலைகீழாகத் திரும்பிப் பதிவாகியிருந்தது. ஒரே கதவை உள்ளேயிருந்து ஒருவரும் வெளியேயிருந்து ஒருவரும் சம பலத்தில் தள்ளினால் கதவு அசையாது அல்லவா, அப்படி. ஹெட்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் ஏதோ கேட்டது. ஒரே ஸ்பீக்கர் உள்ள போனிலும் அவள் வீட்டுப் பழைய டிவியிலும் இரண்டும் ஒன்றாகி ஒன்றையொன்று தின்றுவிட்டன. வலது பக்கத்தை அழித்து, இடது பக்கத்தையே இரண்டுக்கும் கொடுத்தேன். போனில் போட்டேன். பேசினார். நான் தனியாக உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவர் பேசுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அவர்கள் குடியிருந்த மலைக்கு பஸ் ஏறினேன். அவள் கணவருக்கு வெள்ளிமலைப் பக்கத்தில் ஆசிரியர் வேலை. வளைவுகளில் குடல் வாய்க்கு வந்தாலும், மனசு திருவிழாவுக்குப் போவது போலத்தான் இருந்தது.

அவளுடைய மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி நெற்றியில் வைத்து வணக்கம் சொன்னார். அவள் டிவியில் போட்டாள்.

"பாப்பா, மாமன் பேசறேன். அழுதுக்கினு இருக்காத. நேரம் போவுது. மாமன் வராங்காட்டி இன்னா, கொரலு வந்துட்டுது இல்ல? நீ தலைய குனிம்மா, அவரு கட்டட்டும்."

அவள் முகம் அப்படி மலர்ந்தது. அவர் காலடியில் உட்கார்ந்து, "மாமா, நீதான் பேசற. பாப்பான்னு சொல்லு மாமா" என்றாள். அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஆ என்ற சத்தமும் எச்சிலும்தான் வந்தன. அவள் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி முயன்றார். அந்தத் தடவை சத்தமும் வரவில்லை. இடது கையால் தன் வாயை மூடிக்கொண்டு, டிவியைக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவளுக்குப் புரியாமல் இருந்திருக்காது. இருந்தும் இன்னொரு தடவை போட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. டிவியில் அவர் குரல், தெளிவாக, கொஞ்சம் சிரிப்போடுகூட, அவளைத் தலை குனியச் சொல்லிக்கொண்டிருந்தது. நானே எழுந்து போய் டிவியை அணைத்தேன்.

பிறகு அவள்தான், என் மனசு நோகக் கூடாது என்று, "நல்லா கேக்குதுக்கா. ரொம்பத் தெளிவா இருக்குது" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். கடைசி பஸ் போய்விடும் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதன் பிறகும் அவருக்குப் பேச்சு வரவில்லை. அவள் டிவி பக்கம் போனாலே அவர் எழுந்து வெளியே போகப் பார்க்கிறார் என்று ஒரு தடவை போனில் சொன்னாள்.

பழைய கல்யாணக் காட்சியிலிருந்து ஒரு குரலை மீட்டுத் தரச் சொல்லி இப்போதும் யாராவது வருகிறார்கள். அந்தக் குரலுக்கு உரியவர் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். தவறிவிட்டார் என்றால் உட்கார்ந்து வேலை செய்ய முடிகிறது; இருக்கிறார் என்று சொல்லிவிட்டால்தான் எனக்குக் கை ஓடுவதில்லை.