மூன்றரைச் சுற்று

இது நடந்தது. லஸ் பக்கத்தில் ஒரு மாடி அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு பத்துக்கு ஆரம்பித்து மூன்றே முக்காலுக்குள் நடந்தது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரவேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். கீழே ஆட்டோக்காரர்கள் ஹாரனிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் எல்லாம் ஒரு பிரயோஜனமும் இல்லை.

யாசிர் திருவல்லிக்கேணிக்காரர். பதினாலு வருஷமாக அந்த அறையில் எலெக்ட்ரிக் கிடார் பழுது பார்க்கிறார். கதை கட்டுகிற ஆள் இல்லை. என்னிடம் இதை இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் ஒரு நிமிஷம்கூட மாறவில்லை. இரண்டு தடவையும் டீ ஆறிப் போனதுதான் மிச்சம்.

அன்றைக்குக் காலை மாளவிகா ஒரு கிடாரைக் கொண்டுவந்து கொடுத்தாள். கோபாலபுரத்துப் பெண், கல்லூரியில் மூன்றாம் வருஷம். சாயங்காலம் ஆறரைக்கு அடையாறில் அவளுடைய முதல் மேடை. அதற்காகவே போன வாரம் அசோக் நகரில் ராகவேந்திரன் என்பவரிடம் பழைய கிடார் ஒன்றை வாங்கியிருந்தாள்.

“அண்ணா, மூணாவது கம்பி மட்டும் மேல போகப் போக ஸ்ருதி சேரவே மாட்டேங்கறது. அப்பா நாலு மணிக்கு இங்க கொண்டுவந்து விடறேன்னார்.”

“நாலுக்கு ரெடியா இருக்கும். நீ போய் சாப்ட்டு தூங்கு.”

“நான் உக்காந்து வாசிச்சுக் காட்ட வேண்டாமா?”

“உன் கை எனக்குத் தெரியாதா இன்னா?”

அங்கேதான் தப்பு பண்ணினார்.

கிடாரின் அடியில் பிரிட்ஜ் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கம்பியையும் தாங்க சேடில் என்று ஒரு குட்டி இரும்புத் துண்டு, அதற்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ. ஸ்க்ரூவை முடுக்கினால் சேடில் பின்னால் போகும், கம்பியின் நீளம் கூடும், ஸ்ருதி இறங்கும். தளர்த்தினால் ஏறும். கம்பியைச் சும்மா மீட்டினாலும், வீணை மெட்டு மாதிரி கழுத்தில் வரிசையாக இருக்கிற ஃப்ரெட்டுகளில் பன்னிரண்டாவதில் விரல் வைத்து மீட்டினாலும் ஒரே ஸ்வரம் பேசவேண்டும். அப்போதுதான் செட்டிங் சரி. ஆனால் பலமாக அழுத்துகிற கைக்கு ஸ்ருதி ஏறிவிடும். அதனால் வாசிக்கப்போகிறவரை எதிரே உட்காரவைத்து, அந்தக் கைக்குத் தகுந்தபடிதான் செட்டிங் செய்யவேண்டும். யாசிர் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

மாளவிகாவின் கை அவ்வளவு லேசு. மல்லிகை மொட்டை எடுத்துத் தொடுக்கிறவர்களின் விரல் மாதிரி, கம்பியை அழுத்தாது, தொடும். அவளுக்கு மேடை கிடைத்ததே அந்தக் கைக்காகத்தான். அந்தக் கையை மனதில் வைத்துக்கொண்டு யாசிர் வேலையை ஆரம்பித்தார்.

மணி இரண்டு பத்து.

ஐந்து கம்பிகள் சமர்த்தாகச் சேர்ந்தன. மூன்றாவது கம்பியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டைத் தொட்டதும் ஸ்ருதி காட்டும் ட்யூனரில் முள் இடதுபக்கம் சாய்ந்தது. ஸ்ருதி நன்றாக இறங்கியிருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தினார். மூன்றரைச் சுற்று. முள் நடுவில் நின்று பச்சை விளக்கு எரிந்தது.

இரண்டு நாற்பது. கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். அறையைப் பூட்டிக்கொண்டுதான் போனார். வந்து ஒரு தடவை மீட்டிப் பார்த்தார்.

முள் இடதுபக்கம்.

“இன்னாடா இது...”

மறுபடி தளர்த்தினார். மூன்றரைச் சுற்று. பச்சை. இந்தத் தடவை சேடில் நிற்கிற இடத்தில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். துணியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. திரும்பிப் பார்த்தால், சேடில் கோட்டைத் தாண்டிப் பின்னால் நின்றது.

ஸ்க்ரூ தானாகத் தளரும். பழைய பிரிட்ஜ் என்றால் சகஜம். ஆனால் தானாக முடுக்கிக்கொள்ளுமா? ஸ்பிரிங்கை எதிர்த்து மூன்றரைச் சுற்று? அதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஸ்க்ரூடிரைவர் யாசிரின் சட்டைப் பையில் இருந்தது.

மூன்று ஐந்து. ஃபேன் சத்தம். கீழே ஹாரன் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது தடவை தளர்த்தினார். இந்தத் தடவை கண்ணை எடுக்கக்கூடாது என்று பிரிட்ஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

கிர்ர்ர்.

ஸ்க்ரூவின் தலை சுற்றியது. மெதுவாக. நிதானமாக. வேலை தெரிந்த ஒருவர் சுற்றுகிற மாதிரி. ஒன்று... இரண்டு... மூன்று... அரை.

நின்றது.

யாசிருக்கு எழுந்து ஓடவேண்டும் என்று தோன்றியது. கூடவே ஆத்திரமும் வந்தது. பதினாலு வருஷம் பார்த்த தொழில் இல்லையா! கிடாரை மடியில் இழுத்து வைத்தார். மோதிர விரலால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை ஓங்கி அழுத்தினார். கம்பி சதையில் பதிந்தது. மீட்டினார்.

முள் நடுவில் நின்றது. பச்சை.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. செட்டிங்கில் கோளாறே இல்லை. சேடில் அந்த இடத்தில் நின்றால், உயிர் போகிற மாதிரி அழுத்துகிற ஒரு கைக்கு ஸ்ருதி அச்சாகச் சேரும். அது வேறு யாருக்கோ செய்த செட்டிங்.

விரலை எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

மேலே இருந்து ஏதோ அழுத்தியது.

நகத்தின் மேல் இன்னொரு விரல்... ஜில்லென்று...

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுத்தம் மட்டும் கூடியது. கம்பி தோலை அறுத்தது. ஆம்ப்ளிஃபையரின் சுவிட்ச் அணைந்திருந்தது. ஆனாலும் அதிலிருந்து...

டிங்...

டிங்...

டிங்...

“யா அல்லாஹ்!”

கையைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். பூட்டவில்லை, செருப்பு போடவில்லை. மூன்று முப்பத்தொன்றுக்குக் கீழே டீக்கடையில் நின்றார்.

“என்ன தம்பி, மூஞ்சியில ரத்தமே இல்ல? கையில வேற வழியுது?” என்றார் கடைக்கார வைரவன்.

யாசிர் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு மாளவிகாவுக்குப் போன் போட்டார். அந்தக் கிடாரை அவள் தொடவே கூடாது. அது மட்டும்தான் மனதில் ஓடியது.

“மாளு, அந்த கிடார் வேணாம்மா. என்னோடது ஒண்ணு தர்றேன், அத்த வாசி.”

“ஏன்ணா? இது சூப்பரா இருக்கே!”

“எங்கம்மா இருக்க?”

“உங்க ரூம்லதான். அப்பா சீக்கிரமே விட்டுட்டுப் போயிட்டார். கதவு திறந்திருந்தது. வாசிச்சுண்டிருக்கேன்.”

அந்த அறைக்கு ஒரே படிக்கட்டு. அதற்கு நேர் எதிரேதான் டீக்கடை. அவள் எப்போது ஏறினாள் என்று யாசிருக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

மாளவிகா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. ட்யூனரில் பச்சை விளக்கு. சேடில் அதே இடத்தில், பென்சில் கோட்டுக்குப் பின்னால். அவளுடைய மோதிர விரல் நகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கம்பி வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

“வலிக்கலையா?”

கண்ணைத் திறந்தாள். “எதுண்ணா?”

கிடாரைப் பிடுங்கினார். பிடுங்கத்தான் வேண்டியிருந்தது, அவ்வளவு பிடி. அவளுக்குக் கோபம். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவருடைய சொந்தக் கிடாரை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கிடாருக்குச் செட்டிங் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

சாயங்காலம் யாசிர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். மூன்றாவது கம்பியில் மோதிர விரல் விழுந்தபோதெல்லாம் ஸ்ருதி ஏறியது. பக்கத்தில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். மேடையில் மாளவிகா ஒன்றும் புரியாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாசிருக்கு அழுகை முட்டியது.

மறுநாள் காலை கிடாரை எடுத்துக்கொண்டு அசோக் நகருக்குப் போனார். ராகவேந்திரன் கதவைத் திறந்தார். கிடாரைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது.

“தம்பியோடது. அச்யுத். போன வருஷம் தவறிட்டான்.”

“அவர் கை எப்படி சார்?”

ராகவேந்திரன் மூன்றாவது கம்பியை விரலால் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “சின்ன வயசுல இடது மோதிர விரல் கதவுல மாட்டிடுத்து. அதுல உணர்ச்சியே கிடையாது. எவ்வளவு அழுத்தறோம்னு அவனுக்கே தெரியாது. மூணாவது கம்பியெல்லாம் ரத்தமா இருக்கும். அதுக்காக அந்த ஸ்க்ரூவை அவனே முடுக்கி வச்சுண்டான். வேற யாரையும் தொட விடமாட்டான்.”

யாசிர் கிடாரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அதோடு தொலைந்தது என்று நினைத்தார்.

அடுத்த ஞாயிறு, மத்தியானம் இரண்டு பத்துக்கு மாளவிகா புதுக் கிடாரோடு வந்தாள். மோதிர விரலில் பிளாஸ்திரி.

“டாக்டர் எல்லா டெஸ்டும் பண்ணிட்டார்ணா. நரம்புல ஒண்ணுமே இல்லையாம். ஆனா இந்த விரல் மட்டும் மரத்தே கெடக்கு. நேத்திக்கு சூடான கரண்டியத் தொட்டுட்டேன், கொப்புளம் வந்தப்பறம்தான் தெரிஞ்சது.” விரலை நீட்டிக் காட்டினாள். “மூணாவது கம்பி எதுல வாசிச்சாலும் சேரலை. இதையாவது என் கைக்கு செட் பண்ணிக் குடுங்கண்ணா. நான் வாசிக்கணும்.”

இந்தத் தடவை அவளை எதிரே உட்காரவைத்துத்தான் செய்தார். அவள் அழுத்தினாள். நகம் வெளுத்தது. முள் வலதுபக்கம் சாய்ந்தது. யாசிர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மூன்றாவது கம்பியின் ஸ்க்ரூவைத் தன் கையாலேயே முடுக்கினார். எண்ணக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று... இரண்டு... மூன்று...

அரை.

பச்சை விளக்கு எரிந்தது.