பேத்தை மீனின் வாய்

எகிப்தின் கடலோர ஊரான எங்கள் குஸைரில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களின் வீட்டுச் சுவரில் கப்பல், விமானம், கஅபா எல்லாம் வரைவது வழக்கம். நடுவில் வீட்டுக்காரரும் நிற்பார். ஊரில் பாதிச் சுவர்கள், நான் வண்ணம் கலக்கித் தர, என் பக்கத்து வீட்டு ரவ்ஹியா வரைந்தவை. கீழே மட்டும் அவள் தம்பி ஃபத்ஹியின் பெயர் இருக்கும். பொம்பளை பெயர் தெருவில் எதற்கு என்பான்.

படகுக்கார ஹாஜியார் மஹ்ரூஸ், தன் அலுவலகச் சுவரில் உலகத்துப் பவளப்பாறைகளையெல்லாம் ஒரே வரைபடமாகக் கேட்டபோது, அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மூலையில என் பேரு போடணும், ஹாஜியார்."

"சுவரு யாருது?"

"உங்களுது."

"அப்ப பேரும் என்னுதுதான்."

தலைப்பை அவரே கரியால் எழுதிக் கொடுத்தார்: உலகத்தின் ஷஅப். எங்கள் அரபி எழுத்தில் பவளப்பாறைக்கும் மக்களுக்கும் அதே மூன்றெழுத்துதான். வாயால் சொன்னால்தான் எது என்று தெரியும். ரவ்ஹியா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நீலத்தைக் கலக்கினேன். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

பழைய பாய்த்துணியைக் கட்டி மறைத்துக்கொண்டுதான் வரைந்தாள். துணியை அவிழ்த்த காலையில் தெருவே கூடியது. ஆஸ்திரேலியக் கரையோரப் பாறையில் ஒரு சிங்கி இறால். அதற்கு நாவிதர் ஃபிக்ரியின் மீசை. மாலத்தீவில் ரொட்டிக்கடை உம்மு ஸப்ரி, இடுப்பில் கொடுக்கை ஊன்றிய நண்டாக. கரீபியன் கடலில் ஃபத்ஹி, பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் விலாங்காக. எங்கள் செங்கடலில் ஊதிப்போன ஒரு பேத்தை மீன், மூக்கு நுனியில் கண்ணாடியோடு.

"கண்ணாடி உங்களுக்கு எடுப்பா இருக்கு, ஹாஜியார்," என்றார் ஃபிக்ரி.

"சுண்ணாம்பு கொண்டாங்கடா. பாறைய வரையச் சொன்னா ஊரை வரைஞ்சு வச்சிருக்கா."

"எழுத்துல ரெண்டும் இருந்துச்சு," என்றாள் ரவ்ஹியா. "ஒண்ண விட்டா கோவிச்சுக்குவீங்களேன்னு ரெண்டையும் வரைஞ்சேன்."

சுண்ணாம்பு வாளி வந்தது. பின்னாலேயே ஹாஜியாரின் மனைவி நபவியாவும் வந்தார். கடல் கடலாகத் தேடினார்.

"நான் எங்கடி?"

"ஹாஜியார் பக்கத்துல இடம் விட்டிருக்கேன், அக்கா. என்ன மீனாப் போடட்டும்?"

"கிளிமீன். அதான் பாக்க லட்சணம்."

"நாள் முழுக்க எதையாவது கடிச்சுக்கிட்டே இருக்கும்," என்றார் ஹாஜியார். "பொருத்தந்தான்."

நபவியா திரும்பினார். "அந்த வாளிய யாரு கொண்டாந்தது? எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

வாளி போனது. ரவ்ஹியா மட்டும் தூரிகையைத் தொடவில்லை.

"என் பேரு?"

நபவியா கணவரைப் பார்த்தார்.

"போட்டுத் தொலை," என்றார் அவர். "மூலையில. சின்னதா."

கிளிமீனை முடித்தபின் சின்னதாகத்தான் எழுதினாள். பேத்தை மீனின் வாயிலிருந்து குமிழிகள் கிளம்பின, குமிழிக்கு ஓர் எழுத்தாக. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் இனி ஹாஜியாரே அவள் பெயரைச் சொல்லுவார்.

"மூலையிலன்னு சொன்னேனே."

"மூலைதான், ஹாஜியார். உங்க வாய் மூலை."