செடியில்லாத பூவாளி

ஆர்ஹுஸ் நகர நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த மறுநாளே நெர்மின் கழிப்பறை மூலையில் ஒரு பச்சைப் பூவாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். தொழுவதற்குத் தனி அறை வேண்டும் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. புத்தகக் கிடங்கில் ஒரு மூலை போதும். ஆனால் அந்த ஊர்க்காரர்களைப் போல வெறும் காகிதத்தால் துடைத்துக்கொண்டு எழுந்து வருவது மட்டும் அவளுக்கு ஆகாது.

உடன் வேலைபார்க்கும் பிர்தாவுக்கு மண்டை குடைந்தது. "ஏன் நெர்மின், செடியே இல்லாத இடத்துல பூவாளி எதுக்கு?"

"வேறெதுக்கு? கழுவத்தான். தண்ணி படாம எனக்குச் சுத்தமான மாதிரியே இருக்காது. அந்த லட்சணத்துல போய் எப்படித் தொழறது?"

பிர்தாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. மறுநாள் ஒரு பெரணித் தொட்டியைத் தூக்கிவந்து பூவாளியின் பக்கத்தில் வைத்தாள். "இனிமே யாரும் உன்னைக் கேள்வி கேக்கமாட்டாங்க."

அன்றுமுதல் நெர்மின் செடிக்கும் சேர்த்தே தண்ணீர் பிடித்து வைத்தாள்.

பெருநாள் விடுப்பு முடிந்து அவள் திரும்பி வந்தபோது, நிரப்பி வைத்துவிட்டுப் போன பூவாளி காலியாக இருந்தது.

"பரவாயில்லையே, செடிக்குத் தண்ணி ஊத்தினியா?"

"பின்னே? தினமும் ஊத்தினேனே," என்றாள் பிர்தா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நெர்மின் தொட்டியில் விரலை வைத்துப் பார்த்தாள். மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது.