வரிசையில் நிற்கப் படித்தது

நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் கிடையாது. மேலே படிக்க உத்தமபாளையம் போக வேண்டும். படிக்கத் தகுந்த பையன் என்று வாத்தியார் எழுதிக் கொடுத்தால்தான் அங்கே சேர்ப்பார்கள்.

எனக்குக் கணக்கு வந்தது. அப்பா கமலை ஓட்டி நீர் இறைத்த தோட்டத்து முதலாளியின் மகனுக்கு வரவில்லை. என் சிலேட்டைப் பார்த்து எழுதுவான். காட்டுவேன். காட்டாவிட்டால் அப்பாவுக்கு ஏச்சு விழும்.

நாலாவது முடிந்ததும் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாத்தியார் முன்னால் போய் நின்றார். நானும் நின்றேன். வாத்தியார் கெட்டவர் இல்லை. அடிப்பதுகூடக் குறைவு.

"நல்லாத்தான் படிக்கான். அவனும் எழுத்து வேலைக்குப் போயிட்டா உனக்கப்புறம் கமலை யாருப்பா ஓட்டுறது? ஊருன்னா எல்லா வேலைக்கும் ஆளு வேணும்ல. யாரு எதுக்கு லாயக்குன்னு பிரிச்சு விடத்தான் பள்ளிக்கூடம் இருக்கு."

"மொதலாளி மகனுக்கு வகுத்தலே வரலைன்னு இவன் சொல்றானேய்யா."

"அவுக வகுக்கிறதுக்கு ஆளு வச்சுக்குவாக."

அப்பா சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் அது.

அந்தக் கோடையில் கிணறு வற்றியது. கமலை நின்றது. எனக்கென்று பிரித்து வைத்த வேலையும் இல்லை.

குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கக் கங்காணி வந்தான். பள்ளிக்கூடம் போன பையனா என்று கேட்டான். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. எழுத்து வேலை என்று நினைத்துவிட்டாள்.

"ஆமாங்க, நாலாவது. மனக்கணக்கெல்லாம் போடுவான்."

"கணக்குக் கெடக்கட்டும் ஆத்தா. மணி அடிச்சா வந்து நிப்பானா? பேரக் கூப்பிட்டா கொரல் குடுப்பானா? காட்டு வேலை பாத்த பயலுக வெயில் ஏறுனாத்தான் வர்றானுக. பள்ளிக்கூடத்துப் பயலுகன்னா பழகி வர்றானுக."

கூடலூர் வழியாக மலை ஏறினோம். அங்கே விடியுமுன் பெரட்டு. வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவார்கள். முதல் நாளே யாரும் சொல்லாமல் போய் நின்றேன். கங்காணி என்னைக் காட்டி மற்றவர்களை ஏசினான்.

"இவனப் பாத்து நில்லுங்கலே."

பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படி நல்ல பெயர் கிடைத்ததில்லை.

காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. வகுத்தல் மறந்துவிட்டது.

சில வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது தம்பி எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பள்ளிக்கூடம் போயிருக்கான். இவனுக்கும் ஒன்னமாதிரிக் கணக்கு வருதாம். இவனாச்சும் உத்தமபாளையம் போவான்லப்பா?"

கங்காணி என்னிடம் தம்பியை முன்பே கேட்டு வைத்திருந்தான். நாலாவது முடியட்டும், அதற்கு முன்னால் கூட்டி வராதே என்று சொல்லியிருந்தான்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோறு போடச் சொன்னேன்.