மீன்கொத்திக்கு மேலே இருந்த வானம்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வோபர்னில் உள்ள சமூக நிலையத்தில், புதன்கிழமைதோறும் முதியோருக்குச் சீன மரபில் பறவைகளையும் பூக்களையும் தீட்டக் கற்பித்தார்கள். கல்லூரிக் காலத்திலேயே இக்கலையைப் பற்றி ஓரளவு வாசித்திருந்தவன் என்ற முறையில் நானும் சேர்ந்தேன். எங்கள் தமிழ் ஆட்கள் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். தேநீர் இலவசம் என்பதைத் தவிர, அவர்கள் வந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

ஆசிரியை என் வயதை ஒத்த சீனப் பெண்மணி. தாளில் தீட்டாமல் விடும் இடமே வானம், அதுவே நீர், அதுவே பனிமூட்டம் என்று வாரந்தோறும் சொன்னார். எங்களவர்களுக்கு அது ஏறவில்லை. மளிகைக்கடை நடத்தி ஓய்வுபெற்ற ஒருவர், பைன் மரத்தில் நின்ற கொக்கின் தலைக்கு மேல் சூரியனைப் போட்டார். மிச்ச இடத்தில் மேகம், கீழே ஒரு வள்ளம்.

“தம்பி, உது படமோ, இல்லாட்டி சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறீரோ?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

“இடம் சும்மா கிடக்குது அண்ணை” என்றார், சிரித்துக்கொண்டே.

வெற்றிடத்தை மதிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே என்பது அன்றோடு நிலைபெற்றது.

கடைசி வகுப்பன்று எங்கள் படங்களை மண்டபத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. நாணல் ஒன்றில் மீன்கொத்தியை அமர்த்தி, தாளின் மேற்பாதியை வெறுமையாக விட்டேன். விட்டதாகத்தான் நினைத்தேன். தூரிகையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், உச்சியில் கருகருவென்று ஒரு பிள்ளையார் சுழி. பரீட்சைத்தாள் முதல் கடிதம் வரை எதற்கும் முதலில் அதை இட்டுப் பழகிய கை, என்னைக் கேளாமலே இட்டிருக்கிறது. மையை உறிஞ்சிவிடும் தாள், அழிக்க வழியில்லை.

ஆசிரியை எல்லோரையும் அழைத்தார். தொலைவில் பறக்கும் அந்தச் சிறு பறவையால் வானமே விரிந்துவிட்டதாம். வாசலுக்கு எதிரே மாட்டப்போகிறாராம். இவருடைய பாராட்டுக்கா இத்தனை வாரம் காத்திருந்தேன்?

எங்களவர் ஐவரும் குனிந்து பார்த்தார்கள். சுழியை அடையாளம் கண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் மட்டும் என் காதருகே வந்து, “நாங்கள் ஒருத்தரும் சொல்லமாட்டம் அண்ணை” என்றார்.

கேலி செய்திருந்தால் பதில் வைத்திருந்தேன். இவர்களுடைய தயவிலா என் பெயர் நிற்க வேண்டும்? அது பறவையல்ல, என் கைப்பிழை என்று ஆசிரியையிடம் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். பரவாயில்லை என்றார். எனக்கு அது பரவாயில்லை என்று படவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாசலுக்கு எதிரே இப்போது அந்தக் கொக்குத்தான் தொங்குகிறது, சூரியனோடும் வள்ளத்தோடும். வருகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்களாம். எடுக்கட்டும்.