அ.ஆ.இ. எழுதிய கடிதம்

ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரப் போகிறவளின் காதில் முதலில் விழுவது நாற்காலிகள் பின்னுக்கு நகரும் சத்தம். சிமெண்டுத் தரையில் மரக்கால்கள் உரசும் அந்தக் கர்ர்ர்... முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்குக் கேட்கிறது. ஆசிரியர் அறை வாசலில் என் தலை தெரிந்ததும் ஒருவருக்கு வகுப்பு ஞாபகம் வரும். ஒருவருக்குத் திருத்தாத நோட்டுகள் ஞாபகம் வரும். ஒருவர் காரணமே சொல்லாமல் எழுந்து போவார்.

1991-இல் அதுதான் என் வேலை. உலகத்தின் சுற்றுச்சூழல் கவலைகளை உயர்நிலைப் பள்ளிப் பாடங்களுக்குள் கொண்டுவர ஆசிரியர்களுக்கு உதவும்படி சென்னையில் ஒரு சிறிய அறக்கட்டளை என்னை அனுப்பியது. குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை ஏழு பள்ளிகள். ஆங்கிலத்தில் ஒரு தடித்த கையேடு, சுருட்டிய படங்கள், ஸ்லைடு காட்டும் கருவி ஒன்று. தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பதால் கையேட்டைத் தமிழாக்கும் பொறுப்பும் என் தலையில். கேட்பவர் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே பேசி முடித்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். அதன் தலைமையாசிரியர் என் அறிமுகக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சென்சஸ் பார்த்தோம், எலெக்‌ஷன் பார்த்தோம், இப்ப உலகமா? உக்காருங்கம்மா, அதையும் பார்த்துடுவோம்."

பெட்டிக்குள் என்ன?

அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் யாரும் எந்தப் பையையும் சும்மா பார்க்கவில்லை. என் கருவியோ இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் இடுக்கில் ஒயர் ஒன்று எப்போதும் எட்டிப் பார்க்கும். பஸ் நிலையத்தில் அதை மடியில் வைத்து நான் உட்கார்ந்திருந்த விதமே சந்தேகத்தை வரவழைத்திருக்கும். அணைத்துப் பிடித்தால் எதையோ மறைக்கிறவள் மாதிரி, கீழே வைத்தால் விட்டுவிட்டுப் போகப்போகிறவள் மாதிரி. பக்கத்தில் இருந்த குடும்பம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. ஒரு கான்ஸ்டபிள் வந்து, "தொறங்க" என்றார்.

திறந்தேன். திறந்த அவசரத்தில் ஸ்லைடுகள் சிதறின. ஒன்றை எடுத்து அவர் வெயிலுக்கு நேரே பிடித்தார். நீல உருண்டை, அதன் அடிப்பக்கத்தில் ஒரு கருந்திட்டு. "இது இன்னா?" என்றார். தென்துருவத்துக்கு மேலே ஓசோன் படலத்தில் விழுந்திருக்கும் ஓட்டை, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசிரியர்களிடம் போகிறேன் என்றேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். "வானத்துல ஓட்ட கீதுன்னு நான் ஸ்டேஷன்ல எழுத முடியாதும்மா. ஸ்கூல் சாமான்னு போட்டுக்கிறேன், கெளம்புங்க."

பசுமை இல்லம்

அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்தார்கள். கரும்பலகையில் 'பசுமை இல்ல விளைவு' என்று எழுதினேன். எழுத்து அழகாகத்தான் இருந்தது. பசுமை இல்லம் எப்படியிருக்கும் என்று கேட்டேன். வகுப்பே சேர்ந்து, "ஜில்லுன்னு இருக்கும் மிஸ்!" என்றது. இல்லை, உள்ளே சூடாக இருக்கும் என்றேன். எனக்கு ஏதோ தெரியாமல் போய்விட்டது என்று நினைத்து, முன் பெஞ்சுப் பெண் மெதுவாகத் தலையை ஆட்டித் திருத்தினாள். கண்ணாடியால் கட்டிய வீட்டை அங்கே யாரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கண்ணாடி, வெயில், புகை என்று நான் தடுமாறி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

கடைசி பெஞ்சில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ஒரு பெண் என் பின்னாலேயே வந்தார். தமிழாசிரியை எஸ்தர். முப்பது வயதிருக்கும். சேலையில் சிவப்பு மைப் புள்ளிகள். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். "மழைக்கு ஷட்டரை இறக்கின பஸ்ஸுன்னு சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல புரிஞ்சிருக்கும்மா. பசுமைன்னுட்டு வேர்க்குதுன்னா எந்தப் புள்ள நம்பும்?"

இரண்டாம் தாள்

அறிவியல் ஆசிரியர் கைவிரித்துவிட்டார். பாடமே முடியவில்லை, இதில் பூமி வேறா என்றார். புவியியலுக்கு ஆளே இல்லை. மிஞ்சியது எஸ்தர் டீச்சர். தமிழ் இரண்டாம் தாளில் கட்டுரையும் கடிதமும் உண்டு. எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதச் சொல்லலாம். ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. நிர்வாகம் அவரை நியமித்து மூன்று வருஷமாகியும் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் வரவில்லை. அது வராமல் வேலை நிரந்தரமில்லை. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், வேலையில்லாத கணவர். எந்தத் தபால் வந்தாலும் அவர் கண் முதலில் உறையின் ஓரத்து முத்திரைக்குத்தான் போகும்.

பாதுகாப்பான வழி என்று இருவருமாகக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தோம். தொழிற்சாலைக் கழிவுநீர் ஏரியில் கலப்பதைத் தடுக்க வேண்டி மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், பொருள், கடைசியில் கட்டம் போட்டு உறைமேல் முகவரி. பரீட்சை வழக்கப்படி சொந்தப் பெயர் கூடாது, 'அ.ஆ.இ.' என்றுதான் கையெழுத்து. வழக்கப்படி ஊரும் 'க.ச.ட.'வாக இருந்திருக்க வேண்டும். ஊரை மட்டும் நிஜமாகப் போடச் சொல்லுங்கள், மனதில் ஒட்டும் என்று சொன்னவள் நான். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. அந்த ஊரில் அப்போது ஒரு தொழிற்சாலையும் கிடையாது. ஏரிக்கு மேற்கே கரம்பும் வேலிக்காத்தான் புதரும்தான். கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சு மட்டும் டீக்கடைகளில் இருந்தது. எஸ்தர் டீச்சர் ஒத்துக்கொண்டார். "எனக்கு உலகத்தைவிட ஒப்புதல்தாம்மா முக்கியம். ஆனா லெட்டர் எழுதறது சிலபஸ்ல இருக்கு, இதுக்கு யாரு என்ன சொல்லிடப் போறாங்க?"

அ.ஆ.இ. என்பவர் யார்?

செப்டம்பரில் ஒரு நாள் நான் தலைமையாசிரியர் அறையில் இருந்தபோது மொபெட்டில் வருவாய் ஆய்வாளர் வந்து இறங்கினார். கையில் ஒரு தாள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. அதன் மேல் மூன்று அலுவலகங்களின் முத்திரை. ஓரத்தில் 'விசாரித்து அறிக்கை தருக' என்று பச்சை மையில் குறிப்பு. கழுத்தை நீட்டிப் பார்த்தேன். 'பொருள்: தொழிற்சாலைக் கழிவுநீர் ஏரியில் கலப்பதைத் தடுக்க வேண்டி.'

"இந்த ஊர்ல அ.ஆ.இ. யாரு சார்? முழுப் பேரு இன்னா?" என்றார் ஆய்வாளர்.

"அது உயிரெழுத்து சார்" என்றார் தலைமையாசிரியர்.

எஸ்தர் டீச்சரை வரவழைத்தார்கள். கையெழுத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக் கஸ்தூரி வந்து நின்றாள். ஏன் தபாலில் போட்டாய் என்று கேட்டதற்கு, மேலே முகவரி எழுதினால் ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட வேண்டாமா, மற்றவர்கள்தான் மறந்துவிட்டார்கள் என்றாள். அதில் குறும்பு ஒரு துளி கிடையாது. எஸ்தர் டீச்சர் அவளைத் திட்டவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. இது வெறும் பயிற்சி என்று தலைமையாசிரியர் விளக்க விளக்க ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் சரி சார். ஃபேக்டரி எங்கன்னு காட்டுங்க, நான் ரிப்போர்ட் எழுதணும்."

வராத கம்பெனி

யாரும் காட்டாததால் ஆய்வாளர் தாமே தேடிப் போனார். ஏரிக்கரையில் நடந்தார். மேற்கே கைகாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். டீக்கடையில், "இங்க ஃபேக்டரி எதுன்னா கீதா?" என்று கேட்டுவிட்டு மொபெட்டில் ஏறினார். அவ்வளவுதான். அடுத்த வாரம் நான் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்துப் பள்ளிக்கு வந்தால் வாசலில் இருபது முப்பது பேர். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர், உள்ளே மார்க்‌ஷீட், வேலைவாய்ப்பு அலுவலக அட்டை. எல்லோருக்கும் தலைமையாசிரியரின் சான்றொப்பம் வேண்டும். ஏரிக்கு மேற்கே கம்பெனி வருகிறதாம், அளந்துகொண்டு போய்விட்டார்களாம்.

கம்பெனி வரவில்லை என்று சொன்னதோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் கடிதத்தின் கதை அதற்குள் வெளியே போயிருந்தது. வரவிருந்த கம்பெனியைத் தமிழ் டீச்சர் மனுப்போட்டு விரட்டிவிட்டார் என்றானது. பஸ்ஸில் எஸ்தர் டீச்சருக்கு இடம் விடுவதை நிறுத்தினார்கள். நிர்வாகம் தலைமையாசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டது. ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் வேண்டும் என்று கல்வி அலுவலகத்திலிருந்தும் ஓலை வந்தது. ஒப்புதல் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறதோ, அதே மேசைக்குத்தான் அந்த விளக்கமும் போக வேண்டும்.

அன்று மாலை கஸ்தூரியின் அப்பா வந்தார். சண்டை போட வரவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் இல்லை, மகனுக்கு ஐ.டி.ஐ. முடிந்து இரண்டு வருஷமாகிறது என்றார். நான் ஏரி, நிலத்தடி நீர் என்று ஆரம்பித்தேன். கையேட்டில் எட்டாம் பக்கம் அது. அவர் என்னை விட்டுவிட்டு எஸ்தர் டீச்சர் பக்கம் திரும்பினார். "இல்லாத கம்பெனிக்கே கம்ப்ளெய்ண்ட் போட்டுக்கினா, வர்ற கம்பெனி எப்படி டீச்சர் வரும்?"

விளக்கம்

விளக்கத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தோம். சொற்களின் ஓசை பார்த்தே வளர்ந்தவள் நான். 'பயிற்சிக் கடிதம்' என்பதா 'மாதிரிக் கடிதம்' என்பதா என்று அடித்தடித்து எழுதினேன். எந்தச் சொல் ஒருத்தியின் வேலையைக் காப்பாற்றும், எந்தச் சொல் பறிக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. ஐந்தாவது தாளில், ஊர்ப் பெயரைப் போடச் சொன்னது நான்தான் என்று எழுதப் போனேன். எஸ்தர் டீச்சர் பேனாவைப் பிடுங்கிவிட்டார். "வேணாம்மா. வெளியாள் பேச்சைக் கேட்டுப் பாடம் நடத்தினேன்னு ஆயிடும். அது இன்னும் மோசம்."

பழியைக்கூட ஏற்க முடியாதவளாக அவரோடு காஞ்சிபுரம் போனேன். காலை பத்திலிருந்து மூன்று மணிவரை கல்வி அலுவலகத்தின் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கொண்டுபோன தயிர்ச்சோற்றை இருவரும் பிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை உள்ளே மணி அடித்தபோதும் அவர் எழுந்து, சேலையைச் சரிசெய்து, மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் கூப்பிட்டார்கள்.

கண்காணிப்பாளர் வயதானவர். விளக்கத்தை ஒதுக்கிவிட்டுக் கஸ்தூரியின் கடிதத்தை எடுத்தார். அனுப்புநரிலிருந்து உறைமேல் முகவரிவரை விரலை ஓட்டிப் படித்தார். ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை என்றார். அது பாராட்டா குற்றச்சாட்டா என்று எங்களுக்குப் புரியவில்லை. ஒப்புதல் கோப்பு என்று எஸ்தர் டீச்சர் வாயெடுத்தார். பார்க்கலாம் என்று கண்காணிப்பாளர் அந்தக் கோப்பின்மேல் கஸ்தூரியின் கடிதத்தை வைத்து நாடாவைக் கட்டினார். வாசல்வரை போன எங்களை அவரே கூப்பிட்டு நிறுத்தினார். "உலகத்தைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் எழுதச் சொல்லும்மா, அது இங்க வராது. ஊரைப் பத்தி எழுதினாத்தான் வந்துடுது."

டிசம்பரில் ஒப்புதல் வந்தது, முந்தைய மூன்று வருஷ வேலையைக் கணக்கில் சேர்க்காமல். பூமியைக் காக்க வந்த எங்கள் திட்டம் மார்ச்சில் மூடப்பட்டது, எஸ்தர் டீச்சர் அதே பள்ளியில் மேலும் இருபத்தைந்து வருஷம் கடிதம் எழுதச் சொல்லித்தந்து ஓய்வு பெற்றார், அத்தனையும் 'க.ச.ட.' ஊருக்குப் பேருந்து வசதி கேட்டு.