மஞ்சள் தண்ணீரில் கழுவிய அத்திவாரம்

1996ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு, கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கார்ப் பாதையில், என் அம்மா ஒரு கட்டடப் பலகையைக் குளிப்பாட்டத் தொடங்கினார். பலகை என்றால் மரம் அல்ல. எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டங்குலத் தடிப்பும் கொண்ட நீல நிற ரெஜிபோம். ஊரில் ரேடியோப் பெட்டிக்குள் வைத்து வருமே, அந்த வெள்ளைப் பொருளின் வசதியான ஒன்றுவிட்ட சகோதரம். பிளாஸ்ரிக் வாளியில் மஞ்சள் தண்ணீர், கையில் சட்டி தேய்க்கும் பிரஷ், உடலில் அப்பாவின் பழைய குளிர்கோட்டு. எதிர்வீட்டுக் கிழவர் நாயுடன் வந்து நின்று பார்த்தார். அது தாங்ஸ்கிவிங் என்னும் நன்றி சொல்லும் பண்டிகையின் வார இறுதி. அவருக்கு எல்லாரிடமும் அன்பாக இருக்க வேண்டிய கடமை இருந்திருக்கும்.

"ஏரிக்கரையில் படகுத்துறை கட்டப்போகிறீர்களா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இந்தப் பலகை மிதக்கும். கோடைகால வீடு வைத்திருப்பவர்கள் அதன்மேல்தான் துறை அமைப்பார்களாம். நான் ஓம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்வதைவிட எங்களுக்கு ஓர் ஏரிக்கரை வீட்டை ஏற்படுத்திக் கொடுப்பது சுலபமாக இருந்தது. அவர் மரியாதையோடு விடைபெற்றார்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். இந்நாட்டில் மண்ணும் உறையும். பனிக்காலத்தில் நான்கடி ஆழம் வரை ஈரம் பனிக்கட்டியாகி, வீங்கி, மேலே இருப்பதைத் தூக்கும். ஆகவே மண்ணுக்குள் இருக்கும் சுவருக்கும் ஒரு குளிர்கோட்டு மாட்டிய பின்னரே அதைப் புதைக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது மிகவும் கடினம். யாழ்ப்பாணத்தான் முகப்புக்குச் செலவழிப்பான். தூணுக்கும் தூணின் தலையில் இருக்கும் பூவுக்கும் செலவழிப்பான். ஒருவரும் காணாத இடத்தில் காசைத் தாட்டுவதை அவன் பைத்தியம் என்றே கருதுவான். கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்றில் பதினேழு வருடம் முகாமையாளராக இருந்த என் அப்பா, இங்கே பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டிக்கொண்டிருந்தார். விட்பியில் வாங்கிய துண்டுக் காணியில், நண்பர்களின் உதவியுடன் தானே வீடு கட்டத் துணிந்தவர். அவரும் பெரிய கட்டடச் சாமான் கடையில் ஒரு பலகையை ஒற்றைக் கையால் தூக்கி நிறை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உது முழுக்கக் காத்து, பிள்ளை. காத்துக்கோ உந்த விலை? கேள் உவனை."

நான் விற்பனையாளரிடம், பலகையின் அடர்த்தியைப் பற்றி அப்பா அறிய விரும்புகிறார் என்று மொழிபெயர்த்தேன். அவன் மகிழ்ந்துபோய் இரண்டு கையேடுகளைக் கொடுத்தான். "குறைக்கிறானோ?" என்றார் அப்பா. "யோசிக்கிறான்" என்றேன். பல்கலைக்கழகத்தில் என் ஆங்கில இலக்கியப் படிப்பின் முழுப் பயன்பாடும் அந்த நாட்களில் இப்படித்தான் இருந்தது.

ஸ்காபரோவில் இருந்துகொண்டு வீடு கட்டுபவனுக்கு இலவசமாகக் கிடைப்பது ஆலோசனை ஒன்றே. பழைய கம்பளத்தைச் சுற்றச் சொன்னார் ஒருவர். மெத்தைகளைச் சேர்க்கச் சொன்னார் இன்னொருவர். அப்பாவின் நண்பர் பாலா அங்கிள், இரண்டு கராஜ் கட்டிய அனுபவத்தில் தன்னைப் பொறியியலாளராக நியமித்துக்கொண்டவர், ஒன்றும் போடாமல் மூடிவிடச் சொன்னார். "மண்ணுக்குள்ளை இருக்கிறதை ஆர் அண்ணை கிண்டிப் பாக்கப் போறான்?" கடைசியில் வழி அப்பாவின் வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே திறந்தது. அங்கே ஒரு பழைய குளிரறைக் களஞ்சியத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர்களுக்குள்ளிருந்து கழற்றிய நீலப் பலகைகள் ஒரு கீறலும் இல்லாமல் முற்றத்தில் அடுக்கப்பட்டிருந்தன. கடை விலையில் கால்வாசிக்கு அள்ளிக்கொண்டு போகலாம் என்றான் மேஸ்திரி. அப்பா இரண்டு சுற்று வான் வண்டியில் ஏற்றி வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கனடா அவருக்கு விலை குறைத்திருந்தது.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது அந்தக் களஞ்சியத்தில் முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்று அம்மா கேட்டார். அப்பா யோசிக்காமல் பதில் சொன்னார்.

"இறைச்சி."

"என்ன இறைச்சி?"

"எல்லா இறைச்சியும்தான்."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். சாமியறைக்குக் கீழே மாட்டிறைச்சிக் கடையின் சுவரை வைத்துக் கட்டிய வீட்டில் தான் பால் காய்ச்சப் போவதில்லை என்று அறிவித்தார்.

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு முன்வரலாறு உண்டு. ஊரில் எங்கள் வீட்டுக்கு வாசற்கதவு வாங்கியபோது, நல்ல முதிரை மரத்தில் இரட்டைக் கதவொன்று மலிவாகக் கிடைத்தது. அது கழற்றப்பட்ட வீடு, அம்மாவின் சொற்களில், "எங்கடை ஆக்களின்ரை இல்லை." மலிவை ஏற்றுக்கொண்ட அம்மா, வீட்டுக்காரரை ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று தச்சர் கரியால் போட்டிருந்த அடையாளங்களும் அவ்வீட்டாரின் தீட்டோடு போய்விட்டன. கதவுகள் இடம்மாறிப் பொருத்தப்பட்டன. நாங்கள் அந்த வீட்டை விட்டு ஓடிய நாள் வரை அது சரியாகச் சாத்தப்படவே இல்லை. கடைசி நாளும் அதைத் தூக்கித்தான் பூட்டினோம். எங்கள் சாதித் தூய்மை ஒரு கதவைக்கூட மூட உதவவில்லை என்பதை எவரும் கவனித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் கடல் கடந்து, குடியுரிமைச் சத்தியம் செய்து, கட்டட அனுமதிப் பத்திரமும் எடுத்த பிறகு, அதே மஞ்சள் எங்களோடு வந்து வாளிக்குள் இறங்கியது.

தூய்மைக்கும் எல்லை உண்டு. வீட்டின் கீழ்த்தளத்தில் பின்பாதியைத் தனி வாசல் வைத்து வாடகைக்குக் கொடுப்பதாகத் திட்டம். அந்தப் பக்கத்துச் சுவருக்குரிய பலகைகளை அம்மா வாளியின் அருகில் வரவே விடவில்லை. "வாடகைக்கு வாறவை என்னத்தைத் தின்னுவினமோ ஆருக்குத் தெரியும்? அவைக்கேன் என்ரை நாரியை முறிக்கிறன்?" ஆகவே எங்கள் பாதி மஞ்சளில் குளித்தது, வாடகைக்காரர் பாதி இறைச்சியோடு இருந்தது.

பலகையின் முகத்தில் கறுப்பு மையில் சில எழுத்துகளும் எண்களும் அச்சிடப்பட்டிருந்தன. அம்மாவின் பிரஷின் கீழ் அவை மெல்லக் கரைந்து, மஞ்சளோடு கலந்து, சாம்பல் பச்சையாக வடிந்தன. நான் படியில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரம் வகுப்பில் கொடுக்க வேண்டிய கட்டுரைக்கு ஒரு நல்ல வாக்கியமாக அதை மனத்துக்குள் செதுக்கிக்கொண்டும் இருந்தேன்.

ஆறு நாட்கள் மாலை வேலையாக அப்பாவும் பாலா அங்கிளும் பலகைகளைச் சுவரின் வெளிப்புறத்தில் பசை பூசி ஒட்டினார்கள். பதினெட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, நகரசபையின் கட்டடப் பரிசோதகர் வந்தார். அவர் சரி என்றால் திங்கட்கிழமை யந்திரக்காரன் வந்து குழியை மண்ணால் நிரப்புவான். அவன் அதன்பின் வசந்தம் வரை வரமாட்டான். மண் நிரப்பாத அத்திவாரம் பனிக்காலத்தைத் தாண்டாது. அடியில் உறையும் மண் சுவரைப் பிளந்துவிடும். அப்பா தன் கையால் எழுப்பிய சுவர் அது. அவர் பரிசோதகரின் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பரிசோதகர் வாடகைக்காரர் பக்கத்தை முதலில் பார்த்தார். பலகையில் இருந்த எழுத்துகளைத் தடவி வாசித்து, நல்ல சரக்கு என்றார். பிறகு எங்கள் பக்கம் வந்து பலகை பலகையாகத் தடவிக்கொண்டு போனார்.

"இதில் இருந்த அச்சு முத்திரை எங்கே?"

"கழுவிவிட்டோம்" என்றேன்.

"ஏன்? எண்ணெய் பட்டிருந்ததா? பூஞ்சணமா?"

"இல்லை. இறைச்சி."

"பலகையில் இறைச்சி பட்டிருந்ததா?"

"படவில்லை. இறைச்சி வைத்திருந்த அறையின் சுவருக்குள் பலகை இருந்தது."

அவர் பேனாவை மூடினார். அவர் கோபக்காரர் அல்லர். உண்மையிலேயே விளங்கிக்கொள்ள முயன்றார். "அப்படியானால் நீங்கள் எதைக் கழுவினீர்கள்?"

மூன்று வருடம் ஆங்கில இலக்கியம் படித்தவளான நான் தீட்டுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடினேன். அவர் தாளில் எழுதினார்: பின்பாதி ஏற்கப்பட்டது, முன்பாதிப் பலகை என்ன வகை என்று நிரூபிக்க முடியாது, முத்திரையுள்ள பலகை போட வேண்டும். திங்கள் காலை எட்டு மணிக்குத் திரும்பி வருவதாகச் சொன்னார். வாடகைக்காரர் வீடு கனடாவில் சட்டப்படி இருந்தது. எங்கள் வீடுதான் இல்லை.

மாலையில் பாலா அங்கிள் தேத்தண்ணியோடு தீர்வையும் கலக்கினார். "இது ஒரு வேலையே அண்ணை? மற்றப் பக்கத்திலை உள்ளதைப் பாத்து ஒரு மட்டையிலை எழுத்தை வெட்டி, கறுப்புப் பெயின்ற் அடிச்சால் போச்சு. பாஸ்போட்டுக்கே சீல் அடிச்சுக்கொண்டு வந்த சனம் நாங்கள், ரெஜிபோமுக்கு அடிக்கேலாதோ?" பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு நல்ல கையெழுத்து. பிள்ளை வெட்டித் தரும்."

நான் இந்நாட்டுக்கு வந்தது வேறொரு பெண்ணின் பெயரில். விமானத்தில் அவளுடைய பிறந்த திகதியைப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன்; இன்றும் மறக்கவில்லை. ஆகவே பாலா அங்கிளின் நகைச்சுவை அந்த மேசையில் எவரையும் சிரிக்க வைக்கவில்லை.

"எல்லாம் உன்ரை மஞ்சளாலை வந்தது" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மஞ்சள் ஏறிய நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அறியாத ஒன்றை நான் அறிந்திருந்தேன். கோடையில் அப்பாவுக்காக நூலகத்திலிருந்து கட்டட விதிகளைப் பிரதி எடுத்து, அத்திவாரம் பற்றிய பகுதியை ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுத்தது நான். அதில் ஒரு வரி, ஒவ்வொரு பலகையிலும் அதன் வகையைக் குறிக்கும் அச்சு இருக்க வேண்டும், பரிசோதகர் அதைக் காண வேண்டும் என்றது. அந்த வரியை நான் விட்டுவிட்டேன். அது பலகையில் அச்சடிப்பவர்களுக்கான விபரம், கட்டுபவருக்கு வேண்டியதில்லை என்று தீர்மானித்தேன். படியில் இருந்து எழுத்துகள் கரைவதை ரசித்தபோதுகூட அது எனக்கு நினைவில் இருந்தது. அதைச் சொல்லி ஒரு நல்ல வாக்கியத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அம்மா கழுவியது அறியாமல். நான் பேசாமல் இருந்தது அறிந்து.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து, கொப்பியில் விட்ட வரியைத் தமிழில் எழுதி, அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பைக்கு அருகில் விரித்து வைத்தேன். "இது புத்தகத்திலை இருந்தது. நான்தான் எழுதாமல் விட்டனான். அம்மா கழுவேக்கையும் எனக்குத் தெரியும்."

அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். கொப்பியை மூடினார். "களஞ்சியம் இடிக்கிற மேஸ்திரி சனிக்கிழமையிலை மத்தியானம் வரைக்கும் நிப்பான்" என்றார். பிறகு, வானை ஓட்டத் திறப்பைத் தேடியபடி, "உவ்வளவு படிச்சும்..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார்.

அம்மாவும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து வானில் ஏறினார். பிறம்ரன் முற்றத்தில், மழையில், மிச்சப் பலகைகள் அதே அடுக்கில் இருந்தன. நானும் அப்பாவும் ஏற்றத் தொடங்கியபோது அம்மா கண்ணாடியை இறக்கி ஒரு சிறு போத்தலை நீட்டினார். உள்ளே மஞ்சள் தண்ணீர்.

"எழுத்தில்லாத பக்கம்" என்றார். "ஒரு பொட்டு வைச்சால் காணும். நீயே வை. உனக்குத்தானே எழுத்துத் தெரியும்."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆயினும் ஒவ்வொரு பலகையையும் திருப்பி, வெறும் பக்கத்தைத் தேடி, விரலால் ஒரு பொட்டு வைத்தேன். கடைசிப் பலகையை மட்டும் திருப்ப மறந்துவிட்டேன். முத்திரையின் முதல் எழுத்துக்கு மேலே, நெற்றியில் வைத்ததுபோல, மஞ்சள் இருந்தது. எழுத்து கலையவில்லை. துடைத்தால் மை போகலாம். விட்டால் திங்கட்கிழமை பரிசோதகர் அது என்னவென்று கேட்பார். முழங்கையால் மழையை மறைத்தேன். பிறகு அந்தப் பலகையைத் துடைக்காமல், எல்லாவற்றுக்கும் மேலே, எழுத்தும் பொட்டும் தெரியும்படி ஏற்றிக் கயிற்றால் கட்டினேன்.